கல்லியல் வல்லார் புரூஸ் ஃபூட்

சென்ற கோடை விடுமுறையில் யாம் திருவண்ணாமலையில் எம் சிற்றப்பனார் இல்லத்திற் சில நாள் தங்கியிருந்தோம். சாத்தனூர் அணைக்குச் செல்லும் சாலையை அடுத்த ஒரு கொல்லையில், நீர் வற்றிய கிணற்றை மேலும் ஆழப்படுத்தும்பொருட்டு வெடி வைத்துப் பாறையைப் பிளந்துகொண்டிருந்தனர். மேலே வாரிக் கொட்டிய கற்குவியலிற் கையகலக் கல்லொன்று எம் கண்ணிற் பட்டது. அதன்மீது, கரிய மையால் எழுதினாற்போல, தண்டும் கிளையும் கிளையிற் கிளையுமாக ஒரு பெரணிச் செடி படர்ந்திருந்தது. உடன் வந்த நண்பர், இஃது ஐயமின்றித் தொல்லுயிர் எச்சமே என்றார். சாத்தனூரில் மரமொன்று கல்லாய்ச் சமைந்து கிடத்தலை நூல்கள் கூறுகின்றன. அச் சாத்தனூர் இச் சாலையின் கோடியில்தானே உள்ளது என்பது அவர் வாதம். யாமும் அதனை நம்பி, கல்லைத் துணியிற் பொதிந்து, கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே நிலவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டு சென்றோம்.

அவர் கண்ணாடி கொண்டு நோக்கினார்; நகத்தாற் சுரண்டினார்; கல்லைப் புரட்டினார். பின்னர், கல் மரம் கிடக்கும் சாத்தனூர் பெரம்பலூர்ப் பக்கத்தது என்றும், அணையுள்ள சாத்தனூர் வேறென்றும், பெயரொற்றுமை கொண்டு நிலவியல் நடத்தல் ஆகாதென்றும் சொல்லி எம் நண்பரை நோக்கி நகைத்தார். எம் கல்லின் கரிய படர்ச்சிக்குக் கனமே இல்லை, நடுநரம்பு இல்லை, பாறை வெடித்த பிளவின் முகத்தில் மட்டுமே அது காணப்பட்டது. பிளவினூடே கசிந்த நீரில் இருந்த மாங்கனீசு ஆக்சைடாய்ப் படிந்து படிந்து செடிபோற் கிளைத்த கோலமாம் அது. அன்றியும், திருவண்ணாமலைப் பக்கத்துப் பாறைகள் நிலத்தின் ஆழத்திற் பெருவெப்பத்திற் சமைந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நிலத்தின்மேற் செடிகொடிகள் தோன்றியதோ ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்த்தான். இலையே இல்லாத காலத்துப் பாறையில் இலை எங்ஙனம் பதியும்? (அண்ணாமலை அழற்பிழம்பாய் நின்று பின் மலையாய்க் குளிர்ந்தது என்பது அவ்வூர்ப் புராணம். நிலவியலாரும் அப்பாறைகள் வெப்பத்திற் பிறந்தன என்றே கூறுகின்றனர். இரண்டனையும் முடிச்சிடுதல் எம் வேலையன்று.)

யாம் முகம் வாடி நின்றமை கண்ட ஆசிரியர், கல்லைத் தவறாக அறிதல் இழிவன்று, கல்லை நோக்காது நடத்தலே இழிவு என்னும் கருத்துப்படச் சில கூறி, எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்று ஃபூட் என்பார் தொகுத்த கற்களைக் கண்டு வருமாறு பணித்தார். அங்ஙனம் சென்று கண்டதும், பின்னர் நூல்நிலையத்தில் அமர்ந்து கற்றதுமே இக் கட்டுரையாம்.

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்டனம் நகரிற் பிறந்தார். தம் இருபத்துநான்காம் வயதில், 1858இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அமர்ந்தார். அத்துறை அந்நாளில் தாமஸ் ஓல்டாம் என்பாரின் தலைமையில் இந்நாட்டின் பாறைகளை முதன்முறையாக ஒழுங்குற ஆராய்ந்து படமெழுதிக்கொண்டிருந்தது. ஃபூட் சென்னைப் பகுதிக்கு அனுப்பப்பெற்றார். குதிரையும் கூடாரமும் சுத்தியலுமே அவர்தம் உடைமை என்னலாம். வெயில் குறைந்த திங்கள்களில் ஊர் ஊராக நடந்து பாறை நோக்குதலும், எஞ்சிய காலத்தில் அமர்ந்து அறிக்கை எழுதுதலும் அவர் தொழிலாயின. வில்லியம் கிங் என்பாருடன் கூடிச் சேலம், திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு ஆகிய மாவட்டங்களின் பகுதிகளை அவர் ஆராய்ந்து எழுதிய நூல், துறையின் வெளியீடாகப் பின்னர் வந்தது. அந்நாளில் திருவண்ணாமலையும் தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே.

1862இல் அவர் எலிசபெத் ஆன் பெர்சிவல் என்னும் நங்கையை மணந்தார். தமிழ் மாணவராகிய எமக்கு இச்செய்தி பெருமகிழ்ச்சி தருவது. ஏனெனில் அந்நங்கையின் தந்தையார், யாழ்ப்பாணத்தில் நற்செய்திப் பணியாற்றியவரும், ஆறுமுக நாவலரின் துணையுடன் திருமறையைத் தமிழிற் பெயர்த்தவரும், பின்னர்ச் சென்னையிற் பேராசிரியராக விளங்கியவரும், 1855இல் தினவர்த்தமானி என்னும் இதழைத் தொடங்கியவருமாகிய பீற்றர் பெர்சிவல் ஐயரே. மக்கள் வாயில் வழங்கிய பழமொழிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஆறாயிரத்திற்கு மேற்பட்டவற்றை நூலாக்கியவரும் அவர்தாம். மாமனார் சொல் பொறுக்கினார். மருமகனார் கல் பொறுக்கினார். இருவரும் ஒரு மேசையில் உணவருந்திய நாளொன்றில், மூலையில் ஒரு நாற்காலி எமக்குக் கிடைத்திருப்பின் எத்துணை நன்றாயிருந்திருக்கும்! எலிசபெத் அம்மையார் 1870இல் இறந்துபட்டார். நான்காண்டுகள் கழித்து ஃபூட் மறுமணம் செய்துகொண்டார்.

அவர் வாழ்வின் பெருநாள் 1863ஆம் ஆண்டு மே திங்கள் 30ஆம் நாள். சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், படைவீரர் அணிவகுத்து நடக்கும் திடலுக்கு அருகே, சாலைக்குச் சரளை தோண்டிய குழியொன்று இருந்தது. செம்பூரான்கற் சரளை அது. ஃபூட் அக்குழியை நோக்கிச் சென்றது செம்பூரான்கல்லின் தன்மையை அறிதற்கே. அங்குக் கிடந்த கற்களிடையே ஒரு கல்லை அவர் எடுத்தார். உறுதிமிக்க குவார்ட்சைட்டுக் கல் அது. ஒருபுறம் குவிந்து கூர்மையாகவும் மறுபுறம் கைக்கு அடங்குமாறு பருத்தும் இருந்தது. இருமுகத்தும் சில்லுகள் பெயர்க்கப்பட்ட தழும்புகள் ஒழுங்குற அமைந்திருந்தன. கைக்கோடரி என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் கூறுவர். அன்றோ, இந்திய நாட்டில் அத்தகைய பழைய கற்காலக் கருவியை இன்னதென அறிந்து எடுத்தார் அவர்க்கு முன் ஒருவரும் இலர்.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. அக்குழியைத் தோண்டிய கூலியாட்களும் அக்கல்லைக் கண்டிருத்தல் கூடும். கண் எல்லார்க்கும் ஒன்றே; ஃபூட்டின் கண்ணுக்குப் பின்னால் வேறொரு செய்தி இருந்தது. பிரான்சு நாட்டில் சோம் ஆற்றங்கரையில், பூஷே தெ பெர்த் என்னும் சுங்க அதிகாரி, அழிந்துபோன பெருவிலங்குகளின் எலும்புகளோடு மக்கள் செய்த கற்கருவிகளும் கிடக்கின்றன என்று பல்லாண்டுகள் கூறி வந்தார். அறிஞர் பலர் அவரை எள்ளினர். 1859இல் பிரஸ்ட்விச், ஜான் எவன்ஸ் என்னும் இருவரும் நேரிற் சென்று கண்டு, அவர் கூறியது மெய்யே என்று உலகிற்கு உரைத்தனர். நான்காண்டுகளுக்குள் அச்செய்தி பல்லாவரத்துக் குழியில் வேலை செய்தது. படித்த செய்தி பார்த்த கல்லைக் காட்டியது என்க.

ஆயினும் ஒரு கல் சான்றாகுமோ? ஆறு உருட்டியும் வெயில் வெடித்தும் கற்கள் எத்தனையோ உருவம் கொள்கின்றன. எம் பெரணிச் செடியே அதற்குச் சான்று. ஃபூட் அவசரப்படவில்லை, மீண்டும் மீண்டும் தேடினார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 28ஆம் நாள், கிங் என்பாருடன் கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூரின் ஓடையை அடைந்தார். அங்குக் கருவிகள் மிகப் பலவாகக் கிடைத்தன. ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வருதல் தற்செயலன்று. தழும்புகள் இருமுகத்தும் மாறிமாறி விழுதல் ஆற்றின் செயலன்று. மேற்கே அல்லிக்குளி மலைகளில் உள்ள கூழாங்கற் பாறையினின்று வந்த குவார்ட்சைட்டுக் கற்களே இவற்றிற்கு மூலப்பொருள் என்பதும் தெளிவாயிற்று. ஐயம் அகன்றபின் 1866இல் சென்னை இலக்கிய அறிவியல் இதழில் விரிவாக எழுதினார். 1868இல் இங்கிலாந்தில் அறிஞர் கழகத்தின்முன் உரைத்தார்.

இன்னொரு செய்தியை மறைத்தல் முறையன்று. அக்காலத்து ஆங்கிலத் திருமறைப் பதிப்புகள் பலவற்றின் ஓரத்தில், உலகப் படைப்பிற்குக் கி.மு. 4004 என்னும் ஆண்டு அச்சிடப்பெற்றிருந்தது. அஃது அஷர் என்னும் பேராயர் கணக்கிட்டது; மறைநூலின் சொல் அன்று. எனினும் பக்கத்தின் ஓரத்தில் நின்ற எண் பலருக்கு மறைமொழியே போலாயிற்று. நற்செய்திப் பணியாளர் ஒருவரின் மருமகனார் தம் கையில் எடுத்த கல், அவ்வெண்ணுக்குள் அடங்குவதாக இல்லை. சென்னையில் சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சார்ந்த சாந்தி பப்பு என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தை முறையாக அகழ்ந்து, அங்குள்ள பழங்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையுடையன என்று 2011இல் வெளியிட்டனர். இதனை யாம் எம் பாட்டியார்க்குப் படித்துக் காட்டினோம். நாள்தோறும் விடியலில் திருமறை ஓதுபவர் அவர். சிறிது நேரம் பேசாதிருந்தார்; பின், அங்ஙனமாயின் ஆதாமின் கையில் இருந்தது எந்தக் கல் என்று வினவினார். எமக்கு விடை தெரியவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, கல்லை ஒருமுறை தம் கையில் வாங்கிப் பார்க்கவேண்டும் என்று மட்டும் கூறினார்.

பல்லாவரத்தோடு ஃபூட் நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். அவரோ அதன்பின் நாற்பதாண்டுகள் நடந்தார். பெல்காம் மாவட்டத்தில் கோகாக்கு அருகே சிக்தௌலி என்னும் ஊரில், ஓடைக்கரையில் வெளிப்பட்ட எலும்புகளும் பற்களும் அவர்க்குக் கிடைத்தன. அவை இன்ன விலங்கினவென்று காணும் பணியையும் அவரே மேற்கொண்டார். பல் என்பது தாள்போன்றது; ஒவ்வொரு விலங்கும் தன் உணவின் வகையை அதன் மடிப்பில் எழுதிவைக்கிறது. மடிப்புகளை நோக்கி அது காண்டாமிருகம் எனத் துணிந்து, அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டு, வேறோர் இனமெனக் கண்டு, தக்காணத்தின் பெயரையே அதற்கு இட்டு 1874இல் வெளியிட்டார். காண்டாமிருகம் இன்று அசாம் முதலிய வடகிழக்கு நாடுகளிற் காணப்படுவது. ஒரு காலத்தில் அது தக்காணத்தில் உலவியது என்பதற்கு அப்பற்கள் சாட்சி.

பல்லாரிப் பக்கத்தில் அவரை மயக்கியவை சாம்பல் மேடுகள். குப்கல், பூதிகானமா முதலிய இடங்களில், இரும்புலைக் கசடுபோல் உருகி இறுகிய பொருள் குன்றுபோற் குவிந்துள்ளது. ஹம்பிக்கு அருகே நிம்பாபுரத்து மேட்டினை, வாலியை எரித்த சாம்பல் என்று ஊரார் இன்றும் காட்டுவர். எரிமலை கக்கியது என்றாரும், மனிதப் பலியிட்ட இடம் என்றாரும் உளர். ஃபூட்டோ அதனைப் பழைய மக்கள் ஆனிரை அடைத்த தொழுவங்களின் சாணக்குவியல் எரிந்து உருகியது எனக் கொண்டு, ஆப்பிரிக்க மக்கள் முள்வேலி கட்டி மாடு காக்கும் பட்டிகளோடு ஒப்பிட்டார். எத்துணை எளிய விடை! 1957இல் ஆல்ச்சின் என்னும் அறிஞர் உட்னூரில் ஒரு மேட்டினை அகழ்ந்தபோது, மாட்டின் குளம்படிச் சுவடுகளே அடுக்கினுள் வெளிப்பட்டன. ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சியும் கரந்தையுமாகப் பாடிய நம் முன்னோரை ஓதும் எமக்கு, அக்குளம்படிகள் அயலாகத் தோன்றவில்லை.

ஃபூட் எப்பொழுதும் வென்றார் என்று எழுதின் அது பொய்யுரையாம். சென்னையைச் சூழ்ந்த செம்பூரான்கற் படிவுகள் கடலின்கீழ்ப் படிந்தவை என்று அவர் முதலிற் கருதி, அதன்மேல் ஒரு கோட்பாடும் கட்டினார்; பின்வந்தார் அதனை ஏற்றிலர். பரோடா நாட்டில் சபர்மதிக் கரையில் பழைய கற்காலக் கருவிகள் மிகக் கீழேயும் புதிய கற்காலப் பொருள்கள் மேலேயும் கிடக்க, இடையே ஏறத்தாழ 200 அடி மண் வெறிதே நிற்றலைக் கண்டு, இரு காலங்களுக்கும் இடையே மக்களற்ற நெடிய வெறுமை உண்டென்றார். அவ்வெறுமையைப் பிற்காலத்தார் இடைக்கற்காலத்துச் சிறு கருவிகளால் நிரப்பினர். வியப்பு யாதெனின், அச்சிறு கருவிகளையும் அவரே கண்டெடுத்திருந்தார். போப்பையர் பள்ளி நடத்திய சாயர்புரத்தின் செம்மணல் தேரியில் அவர் பொறுக்கிய சிறு சில்லுகளும் அவர் தொகுதியில் உள்ளன. அத்தேரிகளை 1956இல் சாய்னரும் ஆல்ச்சினும் விரித்தெழுதினர். கையில் இருந்த விடையை அவர் கேட்ட வினாவோடு பொருத்தும் காலம் அன்று வரவில்லை.

1884இல் கர்நூல் மாவட்டத்துப் பில்லசர்க்கம் குகைகளை ஆராயும் பணி அவரிடம் வந்தது. ஹக்ஸ்லி என்னும் பேரறிஞர் சென்னை ஆளுநர் கிராண்டு டஃபுக்கு எழுதியதன் விளைவு அது. தந்தையார் தொடங்கிய அகழ்வை, படைத்துறையில் இருந்த மகனார் ஹென்றி புரூஸ் ஃபூட் முன்னின்று நடத்தினார். குகைமண்ணில் கிடைத்த விலங்கெலும்புகளை லிடெக்கர் என்பார் ஆராய்ந்து இனம் பிரித்தார். நிலவியல் தொழிலில் ஃபூட்டின் பெயர் நிற்பது தார்வார் பாறைத் தொகுதியால். பொன் விளையும் அப்பாறைகளைத் தனித்தொகுதியாக வகுத்து அப்பெயரிட்டவர் அவரே. முப்பத்துமூன்று ஆண்டுகள் பணியாற்றி 1891இல் ஓய்வு பெற்றார். பின்னரும் பரோடா, மைசூர் அரசுகளுக்கு நிலவியலாராகத் தொண்டு செய்தார்.

முதுமையில் அவர் ஏற்காட்டில் வாழ்ந்தார். சேர்வராயன் மலையில் அவர் கண்ட ஒன்று எம் நெஞ்சை விட்டு அகலாதது. புதிய கற்காலத்து மக்கள் தேய்த்து வழுவழுப்பாக்கிய கற்கோடரிகளை மலைவாழ் மக்கள் நிலத்தில் கண்டெடுத்து, மரத்தடியிற் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டு வந்தனர். இக்கல் ஏனைக் கற்கள் போன்றதன்று என்பதை அவர்களும் உணர்ந்திருந்தனர். இன்னது என்று சொல்லும் சொல் மட்டும் வேறாயிருந்தது. சொல் வேறாயினும், கண்டதும் காத்ததும் மெய்யல்லவா?

தம் வாழ்நாளில் நானூற்றுக்கு மேற்பட்ட இடங்களினின்று தொகுத்த கற்கருவிகளையும் மட்கலங்களையும் 1904இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. அவற்றின் விளக்க அட்டவணையை ஃபூட்டே எழுதினார். அச்சாகி வந்தபோது அவர் இலர். 1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர்நீத்தார். ஏற்காட்டுத் தூய திரித்துவ ஆலயத்தில் அவர் நினைவுக்கல் உள்ளது. நூலின் இரு பகுதிகளும் 1914இலும் 1916இலும் வெளிவந்தன.

எழும்பூரிற் கண்ணாடிக்கு அப்பால் அக்கருவிகளை யாம் நோக்கி நின்றபொழுது, பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன், இவை வெறுங் கற்கள்தாமே என்று தன் தந்தையாரைக் கேட்டான். தந்தையார் பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டிருந்தார். யாம் அருகணைந்து, ஒரு கருவியின் விளிம்பில் சில்லு பெயர்ந்த தழும்புகளை இடமிருந்து வலமாக எண்ணச் சொன்னோம். சிறுவன் ஏழு வரை எண்ணி, மறுபக்கத்தைக் காணக் கழுத்தை வளைத்தான்.

எம் திருவண்ணாமலைக் கல் இப்பொழுது விடுதி அறையில் குறிப்பேடுகள் பறவாதிருத்தற்குப் பயன்படுகின்றது. பாட்டியாரிடம் அதைக் காட்டினோம். அழகிய செடி என்றார். மாங்கனீசு ஆக்சைடு என்று யாம் விளக்கியதற்கு, அதனால் அழகு குறைந்ததோ என்று கேட்டார். நண்பர் மட்டும் இன்னும் முழுதும் இசைந்திலர். வரும் விடுமுறையில் மெய்யான கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரைக்குச் சென்று, இக்கல்லை அங்குள்ளவற்றோடு அருகருகே வைத்துப் பார்ப்பதாகக் கூறியிருக்கிறார். யாமும் உடன் செல்ல இசைந்துள்ளோம்.